பரிசு வாங்கும் பக்கத்துக்கு முந்தைய பக்கங்கள்: சிறுமிகளுக்கான அறிவியல், விளையாட்டுப் புத்தகங்கள்

ஒரு புத்தகத்தைப் படித்து மூடியதும் பிள்ளை என்ன செய்கிறாள்? எழுந்து போய் எதையாவது நோண்டுகிறாளா, இல்லை "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தைக் கேட்கிறாளா? சிறுமிகளை அறிவியல் பக்கமும் விளையாட்டுப் பக்கமும் இழுப்பதற்கென்றே வந்திருக்கும் புத்தகங்களை நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். கல்லூரி நாட்களில் 800 மீட்டர் ஓடியவள். வீட்டில் ஒன்பது வயது மகள் இருக்கிறாள். அக்கா மகளுக்கு ஆறு வயது. அவள் பாதி நாள் எங்களோடுதான். இந்த இரண்டு பேருக்காக வாங்கியதும் நூலகத்தில் எடுத்ததுமாகச் சேர்ந்த புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாமே ஆங்கிலப் புத்தகங்கள். பெரியவள் தானே படித்துக்கொள்கிறாள். சின்னவளுக்குப் படத்தைக் காட்டித் தமிழில் கதையாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வகைப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு சிறுமி கனவு காண்கிறாள், யாரோ "உன்னால் முடியாது" என்கிறார்கள், அவள் முயற்சியைக் கைவிடவில்லை, கடைசிப் பக்கத்தில் பதக்கமோ நோபல் பரிசோ விண்கலமோ வந்து நிற்கிறது. கனவுக்கும் பதக்கத்துக்கும் நடுவில் அவள் தினமும் காலையில் எழுந்து என்ன செய்தாள் என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த நடுப்பகுதிதான் வேண்டும். வேலை அங்கேதான் நடக்கிறது, அந்த வேலையின் ருசியும் அங்கேதான் இருக்கிறது. அதைக் காட்டும் புத்தகங்கள் குறைவு. ஆனால் இருப்பவை அருமையானவை.

முதலில் பேட்ரிக் மெக்டானல் எழுதி வரைந்த 'மீ... ஜேன்'. 2011இல் வந்தது. சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலின் சிறுவயதுக் கதை. ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். ஜூபிலி என்ற சிம்பன்சி பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெண் தோட்டத்தில் அலைகிறாள், மரத்தில் ஏறுகிறாள், அணிலையும் சிலந்தியையும் பார்க்கிறாள். கோழிக்கு முட்டை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும் அவளுக்கு. கோழிக்கூட்டுக்குள் புகுந்து, வைக்கோலுக்கு அடியில் அசையாமல் ஒளிந்துகொண்டு, கோழி முட்டையிடும் வரை காத்திருக்கிறாள். இந்த இடத்தைச் சொல்லும்போது சின்னவளும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இது கற்பனை இல்லை. ஜேன் சின்ன வயதில் மணிக்கணக்கில் கோழிக்கூட்டில் ஒளிந்திருந்தது உண்மை. காணாமல் போய்விட்டாள் என்று வீட்டில் தேடியிருக்கிறார்கள். 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போன பிறகும் அவர் செய்தது இதைத்தான்: அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். அப்படிப் பார்த்ததால்தான் சிம்பன்சி ஒன்று புல் தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கரையான்களைப் பிடித்துத் தின்றதை அதே ஆண்டு கண்டார். கருவியைப் பயன்படுத்துவது மனிதன் மட்டுமே என்றிருந்த நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. கோழிக்கூட்டில் பழகிய பொறுமைதான் காட்டில் பலன் கொடுத்தது என்று புத்தகம் எங்கேயும் விளக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஓவியம் மறைந்து ஒரு நிஜப் புகைப்படம் வருகிறது. இளம்பெண் ஜேன் ஒரு குட்டிச் சிம்பன்சியை நோக்கிக் கையை நீட்டுகிறார், குட்டியும் நீட்டுகிறது. ஜேன் சிறுமியாக இருந்தபோது கைப்பட வரைந்த பக்கங்களும் உள்ளே இருக்கின்றன. சின்னவளுக்கு அவைதான் பெரிய விஷயமாகப் பட்டன. "சித்தி, இது நிஜமாவே அவங்க சின்ன வயசுல வரைஞ்சதா? கோணலா இருக்கே!" என்று கேட்டாள். கோணலாக வரைந்தாலும் விஞ்ஞானி ஆகலாம் என்று நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மறுநாள் ஜன்னல் மூலையில் வலை கட்டியிருந்த சிலந்திக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் பேசக் கூடாது என்று வீட்டுக்கே உத்தரவு.

ஆஷ்லி ஸ்பையர்ஸின் 'தி மோஸ்ட் மக்னிஃபிசென்ட் திங்' (2014) எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது. பெயரில்லாத ஒரு சிறுமி, அவளுக்கு உதவியாளாக ஒரு நாய். அற்புதமான ஒன்றைச் செய்யப்போகிறாள். அது எப்படி இருக்க வேண்டும் என்று மனதில் தெளிவாகத் தெரியும். அறுக்கிறாள், முறுக்குகிறாள், ஆணி அடிக்கிறாள், பார்த்தால் சரியில்லை. திரும்பச் செய்கிறாள், அதுவும் சரியில்லை. இப்படியே தெருவெல்லாம் உதவாத சாமான்கள் சேர்கின்றன. ஆத்திரத்தில் அவசரமாக அடிக்கப்போய் விரலை நசுக்கிக்கொள்கிறாள், கத்துகிறாள், எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாள். நாய் அவளை நடக்கக் கூட்டிப்போகிறது. திரும்பி வந்து தான் தூக்கிப்போட்டவற்றை ஒவ்வொன்றாக மறுபடி பார்க்கிறாள். ஒன்றில் ஒரு பாகம் சரியாக வந்திருக்கிறது, இன்னொன்றில் வேறொரு பாகம். அவற்றை எல்லாம் சேர்த்துத்தான் கடைசியில் அந்தப் பொருள் உருவாகிறது. அப்போதும் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

குழந்தைப் புத்தகங்களில் கோபத்தை இவ்வளவு நேர்மையாக நான் பார்த்ததில்லை. "தோல்வியால் மனம் தளராதே" என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகங்கள் ஏராளம். மனம் தளரத்தான் செய்யும், கையை வைத்த இடமெல்லாம் எரிச்சலாக வரும், அப்போது கொஞ்சம் நடந்துவிட்டு வா என்று சொல்வது இது ஒன்றுதான். எங்கள் கூடத்தில் காலையில் முதல் வேலை கன்ட்ரோல் மாதிரியை ஓட்டிப் பார்ப்பது. அதன் மதிப்பு என்னவென்று முன்கூட்டியே தெரியும். இயந்திரம் அந்த எண்ணைக் காட்டாவிட்டால் நோயாளிகளின் முடிவு ஒன்றையும் வெளியே விடமாட்டோம். சோதனைக்குச் சேர்க்கும் ரீஏஜென்டா, வெப்பநிலையா, திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டா, அளவுத்திருத்தமா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போவோம். தப்பாக வந்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் எங்கே சறுக்கியது என்று பிடிபடும். அந்தச் சிறுமி தெருவில் நின்று செய்வதும் அதேதான். இந்தப் புத்தகத்தில் அறிவியல் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அலமாரியில் இருக்கும் அறிவியல் புத்தகங்களில் பாதியைவிட இதில் அறிவியல் அதிகம்.

இதற்கு ஓர் ஆய்வும் துணைக்கு இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மார்ஜரி ரோட்ஸும் அவர் குழுவினரும் 2019இல் வெளியிட்டது. சின்னக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் "வாங்க, விஞ்ஞானியா இருக்கலாம்" என்ற பாணியிலும், மற்றவர்களிடம் "வாங்க, அறிவியல் செய்யலாம்" என்ற பாணியிலும் பேசி, பிறகு ஓர் அறிவியல் விளையாட்டு கொடுத்தார்கள். "செய்யலாம்" என்று கேட்ட சிறுமிகள் விளையாட்டை விடாமல் அதிக நேரம் தொடர்ந்தார்கள். காரணம் யோசித்தால் புரிகிறது. விஞ்ஞானி என்றதும் மனதில் ஓர் ஆளின் உருவம் வருகிறது, அந்த உருவம் தன்னைப் போல் இல்லையே என்ற தயக்கமும் கூடவே வருகிறது. செய்வது என்றால் கை இருந்தால் போதும்.

அந்த உருவம் எப்படிப்பட்டது என்பதும் பழைய கதை. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் விஞ்ஞானி ஒருவரை வரைந்தார்கள். பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேருமே சிறுமிகள். பின்னாளில் நிலைமை மாறியது. 1985 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த இதே போன்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரியாக 28 சதவீதம் குழந்தைகள் பெண் விஞ்ஞானியை வரைந்திருந்தார்கள். புத்தகங்களால் மட்டும் வந்த மாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் படத்தில் பார்க்காத ஒன்றைப் பிள்ளை எப்படி வரையும்?

ஆண்ட்ரியா பீட்டி எழுதி டேவிட் ராபர்ட்ஸ் வரைந்த இரண்டு புத்தகங்களுக்கு வருகிறேன். 'ரோசி ரிவியர், எஞ்சினியர்' 2013இல் வந்தது, 'ஏடா ட்விஸ்ட், சயின்டிஸ்ட்' 2016இல். இரண்டும் சந்தப் பாட்டாக எழுதியவை; தமிழில் சொல்லும்போது அந்தத் தாளம் போய்விடுகிறது, கதை மட்டும்தான் மிஞ்சும். மிஞ்சுகிற கதையே போதும். ஏடா மூன்று வயது வரை வாயே திறக்காத பெண். திறந்த பிறகு ஏன், எதற்கு, எப்படி என்று நிறுத்தவே இல்லை. ஒரு நாள் வீட்டில் பயங்கர நாற்றம். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இறங்குகிறாள். முட்டைக்கோஸ் குழம்பாக இருக்குமோ? இல்லை. பூனையோ? பூனையைக் கழுவப் போய்ப் பெற்றோரிடம் மாட்டிக்கொள்கிறாள். தண்டனையாக நாற்காலியில் உட்கார வைத்தால் சுவர் முழுக்கக் கேள்விகளையும் கணக்குகளையும் எழுதித் தள்ளுகிறாள்.

நாற்றம் எங்கிருந்து வந்தது என்று புத்தகம் கடைசி வரை சொல்வதே இல்லை. சின்னவளுக்கு இது பொறுக்கவில்லை. "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெரியவள்தான் படங்களை முதலிலிருந்து துருவ ஆரம்பித்தாள். இருவரும் தரையில் படுத்துக்கொண்டு யார் மேல் சந்தேகம் என்று வாதாடினார்கள். எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்தது. விடை கிடைக்காமலே ஒரு கேள்வியோடு பல காலம் இருக்க வேண்டியிருக்கும் என்பதை இவ்வளவு சின்ன வயதில் பழகிக்கொண்டால் நல்லது. ஏடாவின் பெற்றோர் நடந்துகொள்வதும் எனக்குப் பிடிக்கும். முதலில் கோபப்படுகிறார்கள், பிறகு யோசித்து, அவளோடு சேர்ந்து தேடத் தொடங்குகிறார்கள். பெரியவர்களும் படிக்க வேண்டிய பக்கம் அது.

ரோசி நல்ல பெண்தான், ஆனால் புத்தகம் எனக்கு ஏடா அளவுக்கு இல்லை. மிருகக்காட்சிசாலையில் வேலை பார்க்கும் மாமாவுக்காகப் பாம்பு அண்டாத தொப்பி ஒன்றைச் செய்து கொடுக்கிறாள், அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், அதிலிருந்து தான் செய்வதை எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். அந்தச் சிரிப்பு வரும் பக்கம் நெஞ்சில் தைக்கும். பெரியவர்கள் பாசமாகச் சிரித்தாலும் பிள்ளைக்கு அது கேலியாகத்தான் விழும். முடிவில் விமானம் கட்டிய கொள்ளுப்பாட்டி முறை உறவினர் ஒருவர் வந்து தோல்வியைக் கொண்டாடக் கற்றுத்தருகிறார். அங்கே மட்டும் பாடம் கொஞ்சம் தூக்கலாகி விடுகிறது.

ரோடா அகமது எழுதிய 'மே அமங் தி ஸ்டார்ஸ்' (2018) பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அதில் எனக்கு ஒரு மனக்குறை. 1992இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசனின் கதை. ஸ்டாசியா பரிங்டனின் படங்கள் கண்ணை விட்டு அகலாது. வகுப்பில் விண்வெளி வீராங்கனை ஆவேன் என்கிறாள் சிறுமி மே; நர்ஸ் ஆகலாமே என்கிறார் ஆசிரியர்; அவள் வாடிப்போகிறாள். நர்ஸ்களோடு தினமும் வேலை பார்க்கிறவள் நான். நர்ஸ் என்றால் ஏதோ மட்டமான வேலை என்று சின்னவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். தப்பு அந்த வேலையில் இல்லை, மே ஒன்றைக் கேட்க அவர் வேறொன்றைக் கொடுத்ததில்தான் தப்பு என்று உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. வாங்குகிறவர்கள் அந்தப் பேச்சுக்குத் தயாராக இருங்கள். அப்புறம், ஜெமிசன் வேதிப் பொறியியல் படித்தார், மருத்துவம் படித்து டாக்டரானார், அதற்குப் பிறகுதான் விண்வெளி. அந்தப் படிகள் கதைக்குள் வரவில்லை. நம்பிக்கையோடு ஜன்னலில் நின்று வானத்தைப் பார்த்தால் போய்விடலாம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது.

தொகுப்பு நூல்களில் எல்லோருக்கும் தெரிந்தது 'குட் நைட் ஸ்டோரீஸ் ஃபார் ரெபெல் கேர்ள்ஸ்'. எலெனா ஃபவிலி, ஃபிரான்செஸ்கா கவாலோ இருவரும் மக்களிடம் நிதி திரட்டி 2016இல் கொண்டுவந்தது. நூறு பெண்கள், ஆளுக்கு ஒரு பக்கம் கதை, எதிர்ப் பக்கத்தில் ஓவியம். ஓவியங்களை அறுபது பெண்கள் வரைந்திருக்கிறார்கள், அதற்காகவே புரட்டலாம். ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு வாழ்க்கை என்றால் அது தபால்தலை ஆல்பம் மாதிரிதான் ஆகும்: முகம் தெரியும், பெயர் தெரியும், ஆள் தெரியாது. அரசியும் கடற்கொள்ளைக்காரியும் கணித மேதையும் அடுத்தடுத்து வந்து போகிறார்கள். மகள் சில நாள் இரவு படித்தாள், அப்புறம் தொடவில்லை. மரியா இசபெல் சான்செஸ் வெகாரா எழுதும் 'லிட்டில் பீப்பிள், பிக் ட்ரீம்ஸ்' வரிசை ஒருவருக்கு ஒரு புத்தகம் என்று கொடுப்பதால் இதைவிடத் தேவலை. மேரி க்யூரி, ஏடா லவ்லேஸ், ஜேன் குடால் எல்லோரும் அதில் உண்டு. நான்கைந்து வயதுக்குச் சரி.

தொகுப்புகளில் நான் கைவிட மாட்டேன் என்று சொல்வது ரேச்சல் இக்னோடோஃப்ஸ்கியின் இரண்டு நூல்களை: 'விமன் இன் சயின்ஸ்' (2016), 'விமன் இன் ஸ்போர்ட்ஸ்' (2017). ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர். இங்கேயும் ஆளுக்கு ஒரு பக்க எழுத்துதான், ஆனால் எதிர்ப் பக்கத்துப் படத்தைச் சுற்றிலும் குட்டிக் குட்டிக் குறிப்புகள் இருக்கின்றன. அந்த ஓரக் குறிப்புகளில்தான் வேலை ஒளிந்திருக்கிறது. அறிவியல் புத்தகத்தில் ஆய்வகக் கருவிகளை வரைந்து பெயர் போட்ட இரண்டு பக்கம் உண்டு. மகள் அதை எடுத்துக்கொண்டு வந்து "இதுல எதெல்லாம் நீ தொட்டிருக்கம்மா?" என்று கேட்டாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் வேலை என்னவென்று அவளுக்கு அன்றுதான் சரியாகப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

குறை என்று பார்த்தால் எழுத்து பொடி. மாலை வெளிச்சத்தில் படிக்கக் கஷ்டம். முகங்களும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கின்றன. இன்னொன்று, இந்தக் கதைகளில் சில கோபத்தைக் கிளப்பும். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்ரே படம் டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடிக்க உதவியது. 1962இல் அதற்கு நோபல் கொடுத்தபோது அவர் உயிரோடு இல்லை, 1958இலேயே இறந்துவிட்டார். இயற்கை இடதையும் வலதையும் எப்போதும் ஒன்றுபோல் நடத்துவதில்லை என்ற இயற்பியல் கருத்தைச் சியென்-ஷியுங் வூ சோதனை செய்து நிரூபித்தார். 1957 நோபல் அந்தக் கருத்தை முன்வைத்த இரண்டு ஆண்களுக்குப் போனது. பார்பரா மெக்கிளின்டாக் மக்காச்சோளக் கதிர்களின் மணிகளில் நிறம் மாறுவதை வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, இடம் மாறும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார். பரிசு வந்தது 1983இல், அவருக்கு 81 வயதில். "அதுவரைக்கும் அவங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்காதா அம்மா?" என்று மகள் கேட்டாள். சோளத்தைப் பார்ப்பதே அவருக்குப் பிடித்திருந்தது என்றேன். எனக்குத் தெரிந்த உண்மையான பதில் அதுதான். மேரி க்யூரி ஒழுகும் கொட்டகையில், தன் உயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பியால் கொதிக்கும் தாதுக் கரைசலைக் கிண்டிக் கிண்டி, டன் கணக்கான தாதுவிலிருந்து 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு எடுத்தார். இரண்டு நோபல் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. கிண்டிய கையைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

விளையாட்டுக்கு வருவோம். இங்கே நல்ல புத்தகம் கிடைப்பது இன்னும் கஷ்டம். விளையாட்டு என்றாலே வெற்றி என்று ஆகிவிட்டதால் எல்லாக் கதையும் மேடையில் போய்த்தான் முடிகிறது. கேத்லீன் க்ரல் எழுதி டேவிட் டியாஸ் வரைந்த 'வில்மா அன்லிமிடெட்' (1996) அதில் ஒரு விதிவிலக்கு. அதுவும் ரோம் ஒலிம்பிக் மேடையில்தான் முடிகிறது, ஆனால் அங்கே போய்ச் சேர அவசரப்படவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபதாவதாகப் பிறந்த வில்மா ருடால்ஃபுக்குப் போலியோ. மருத்துவமனைக்கு ஐம்பது மைல் பஸ்ஸில், கறுப்பர் என்பதால் பின் இருக்கையில். வலிக்க வலிக்கப் பயிற்சி. காலைத் தாங்கிப் பிடிக்க இரும்பு பிரேஸ். மற்ற பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுவதை உட்கார்ந்தபடியே உற்றுப் பார்க்கிறாள், ஆட்டம் முழுக்க அவள் தலைக்குள் ஏறுகிறது. ஒரு நாள் தேவாலய வாசலில் பிரேஸைக் கழற்றி வைத்துவிட்டு எல்லோரும் பார்க்க உள்ளே நடந்து போகிறாள். பன்னிரண்டு வயதில் அவளும் அம்மாவும் அந்த பிரேஸைப் பெட்டியில் போட்டு மருத்துவமனைக்கே தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். மூன்று தங்கத்தைவிட அந்தத் தபால் பெட்டிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1960 ரோமில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 தொடர் ஓட்டம் மூன்றிலும் அவர் வென்றார். என் 800 மீட்டர் பெண்களுக்குத் திரும்ப வந்ததும் அதே ரோமில்தான். பெண்களின் உடம்பு தாங்காது என்று சொல்லி 1928 ஆம்ஸ்டர்டாமுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டிருந்தார்கள். இதைச் சொன்னபோது மகள் நம்பவில்லை.

அந்தத் 'தாங்காது' கதையை நேரடியாகச் சொல்வது ஆனெட் பே பிமென்டெல் எழுதிய 'கேர்ள் ரன்னிங்' (2018). பாபி கிப் 1966இல் பாஸ்டன் மராத்தானில் பெயர் கொடுக்கப் போனால் பெண்களால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அண்ணன் தம்பியின் அரைக்கால் சட்டை, தலையை மறைக்கும் மேல்சட்டை, ஆண்பிள்ளைகளுக்கான புது ஓட்டக் காலணி. புதருக்குள் ஒளிந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்து ஓடினார். புதுக் காலணி கடித்துப் பாதமெல்லாம் கொப்புளம். அப்படியும் 3 மணி 21 நிமிடத்தில், மூன்றில் இரண்டு பங்கு ஆண்களுக்கு முன்னால் ஓடி முடித்தார். பதக்கம் கிடையாது. பாஸ்டனில் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது 1972இல். ஓடுகிறவளுக்குக் கொப்புளம் என்றால் என்ன என்று தெரியும். அதனால் அந்தக் கட்டம் எனக்கு வேறு விதமாகப் படிந்தது. மைக்கா ஆர்ச்சரின் வெட்டி ஒட்டிய படங்களும் நன்றாக ஓடுகின்றன.

பத்து வயதுக்கு மேல் என்றால் விக்டோரியா ஜேமிசனின் 'ரோலர் கேர்ள்' (2015) கொடுங்கள். படக்கதை. பன்னிரண்டு வயது ஆஸ்ட்ரிட் உருளைச் சறுக்கு டெர்பி (சக்கரக் காலணியில் சறுக்கியபடி எதிரணியை இடித்து முந்தும் அணி விளையாட்டு) முகாமில் சேர்கிறாள், நெருங்கிய தோழியோ பாலே பக்கம் போய்விடுகிறாள். எழுதியவரே அந்த விளையாட்டை ஆடியவர். பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆஸ்ட்ரிட் விழுகிறாள், எழுகிறாள், மறுபடி விழுகிறாள், முட்டியில் சிராய்ப்பு. ஆசைப்பட்ட நட்சத்திர இடம் கடைசியில் அவளுக்குக் கிடைக்கவில்லை, இன்னொருத்திக்குப் போகிறது. அணியில் தடுப்பவளாக நின்று ஆடுகிறாள், அதில் சந்தோஷமாக இருக்கிறாள். அணி என்றால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நடக்கும். நட்சத்திரம் ஆகாதவளுக்கும் விளையாட்டு சொந்தம் என்று சொல்லும் புத்தகத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அறிவியல் பக்கம் அதே வயதுக்கு ஜாக்குலின் கெல்லியின் 'தி எவல்யூஷன் ஆஃப் கல்பர்னியா டேட்' (2009). நாவல். 1899, டெக்சாஸ், கடும் வறட்சி. பதினோரு வயது கல்பர்னியா புல்வெளியில் மஞ்சள் வெட்டுக்கிளிகள் பெரிதாகவும் பச்சை வெட்டுக்கிளிகள் சிறிதாகவும் இருப்பதைக் கவனிக்கிறாள். ஏன் என்று தாத்தாவிடம் கேட்டால், நீயே கண்டுபிடித்துவிட்டு வந்து சொல் என்று அனுப்பிவிடுகிறார். காய்ந்த புல்லில் பச்சை எளிதாகக் கண்ணில் படும், பறவை சீக்கிரம் தின்றுவிடும், மஞ்சள் தப்பித்து வளர்ந்துவிடும் என்று அவளாகவே கண்டுபிடிக்கிறாள். அம்மாவுக்கு அவள் பின்னலும் சமையலும் கற்க வேண்டும். அவளுக்கு நோட்டுப் புத்தகம் வேண்டும். அவள் விஞ்ஞானி ஆனாளா என்று நாவல் சொல்லவில்லை. பெரியவளுக்கு இது இன்னும் கொஞ்சம் கனம், சேர்ந்துதான் படிக்கிறோம். வெட்டுக்கிளி அத்தியாயத்துக்குப் பிறகு சிலந்திக் காவலில் அவளும் சேர்ந்துவிட்டாள். "பகல்ல ஏன் வலை நடுவுல இல்ல, ஓரத்துல இருக்கு?" என்று நோட்டில் எழுதி, கீழே இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

எந்த வயதில் வாங்குவது என்று தோழிகள் கேட்கிறார்கள். சீக்கிரம் வாங்குங்கள் என்பேன். லின் பியானும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐந்து வயதில் சிறுவர் சிறுமியர் இரு தரப்பும் தங்கள் பக்கத்தினரையே மிகக் கெட்டிக்காரர்கள் என்கிறார்கள். ஆறு வயதுக்குள் சிறுமிகளிடம் அது குறையத் தொடங்குகிறது, "ரொம்ப ரொம்பக் கெட்டிக்காரர்களுக்கான விளையாட்டு" என்று சொன்னால் ஒதுங்குகிறார்கள். ஆறு என்றால் எங்கள் சின்னவளின் வயது. பதின்மூன்று வயதில் தொகுப்பு நூல் பரிசளிப்பதைவிட நான்கு வயதில் கோழிக்கூட்டுக் கதை சொல்வது மேல். வீட்டில் பையன் இருந்தால் அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஏடாவின் நாற்றத்தைத் தேட அவனுக்கும் ஆசையாகத்தான் இருக்கும்.

இன்னும் எனக்கு அலமாரியில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. விண்வெளி வீராங்கனைகள் நிறைய வந்துவிட்டார்கள். ரத்த மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கிறவள், தசைப்பிடிப்பைச் சரிசெய்யும் இயன்முறை மருத்துவர், ஓட்டத்தின் நேரத்தைக் குறிக்கிறவள், நடுவர் இவர்களை எல்லாம் காணோம். 2022 ஆண்கள் கால்பந்து உலகக் கோப்பையில் கோஸ்டாரிகா, ஜெர்மனி ஆட்டத்தை நடுவராக நடத்திய ஸ்டெஃபானி ஃப்ராப்பாரின் விசிலைச் சுற்றி ஒரு படக்கதை எழுதலாம். கோவிட் தடுப்பூசிகளுக்கு வழிவகுத்த எம்ஆர்என்ஏ ஆய்வுக்காக 2023இல் நோபல் வாங்கிய காத்தலின் கரிக்கோவின் மகள் சூசன் ஃபிரான்சியா, 2008இலும் 2012இலும் துடுப்புப் படகுப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அம்மா ஆய்வகத்துக்கும் மகள் தண்ணீருக்கும் விடியற்காலையில் கிளம்பிப் போகும் ஒரு வீட்டின் கதையை, பரிசுகள் வருவதற்கு முந்தைய வருடங்களோடு யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

அதுவரை, ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் ஆறு வயதுக்குள் 'தி மோஸ்ட் மக்னிஃபிசென்ட் திங்', ஏழு முதல் ஒன்பதுக்குள் 'வில்மா', பத்துக்கு மேல் 'ரோலர் கேர்ள்'. தொகுப்பு நூல் வேண்டுமென்றால் இக்னோடோஃப்ஸ்கி, நல்ல விளக்கு வெளிச்சத்தில்.